யூதர் இடுகாடும் நாம் கொடுத்த வாக்கும்

யூதர்களைத் துன்புறுத்தாத தேசம் என்ற கீர்த்தி பாரத தேசத்துக்கு உண்டு. மேடைகளிலே இதை நாம் அடிக்கடி எடுத்துரைத்துப் பெருமை கொள்ளுகிறோம். இந்தப் பெருமை பொய்யன்று. சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்த செப்பேடு, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டு, கொச்சி யூதர்களால் போற்றிப் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது. சேந்தமங்கலத்தில் 1269-ஆம் வருஷத்திய ஹீப்ரு எழுத்துக் கல் ஒன்று நிற்கிறது. ஸாரா என்ற ஒரு பெண்ணின் கல்லறைக் கல் அது. இந்தியாவில் கிடைத்துள்ள ஹீப்ருக் கல்லெழுத்துகளில் அதுவே மிகப் பழையதென்று கருதப்படுகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதை யாரும் உடைத்தெறியவில்லை. ஆனால், உயிரோடிருந்த யூதர்களுக்கு நம் முன்னோர் காட்டிய மரியாதையை, இறந்துபோன யூதர்களுக்கு நாம் காட்டி வருகிறோமா? இந்தக் கேள்விக்குக் கேரளத்தின் மாளா என்னும் ஊர் தரும் விடை மகிழத்தக்கதாக இல்லை.

மாளா, திருச்சூர் ஜில்லாவில் உள்ள சிறு பட்டணம். அங்கே பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்த யூதர்கள், 1955-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. தங்கள் விருப்பப்படியே சென்றார்கள். புறப்படும் முன் அவர்கள் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. தங்கள் ஜெப ஆலயத்தையும், நான்கு ஏக்கருக்கு மேற்பட்ட இடுகாட்டையும் அவ்வூர்ப் பஞ்சாயத்தின் வசம் ஒப்படைத்து, உடன்படிக்கை எழுதி வாங்கிக் கொண்டார்கள். இடுகாட்டைப் பாதுகாக்க வேண்டுமென்பதே அதன் கருத்து. விற்றுவிட்டுப் போயிருக்கலாம், விற்கவில்லை. திரும்பி வந்து கேட்க ஆள் இராது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும், ஹிந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வாழும் ஓர் ஊரின் சொல்லை நம்பித் தங்கள் மூதாதையரை விட்டுச் சென்றார்கள். இதைக் காட்டிலும் பெரிய நற்சாட்சிப் பத்திரம் எந்த ஊருக்காவது கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

பிறகு நடந்ததென்ன? புதர் மண்டிற்று. கற்கள் மறைந்தன. கண்ணுக்குத் தெரியும் கல்லறைகள் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவை. 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில், அந்நிலத்தின் ஒரு பகுதியில் விளையாட்டுப் பயிற்சிக் கழகமும் மைதானமும் அமைக்கும் வேலை தொடங்கப்பட்டது.

ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அது நியாயமான தேவை. ஆனால், கல்லறைகள் சிலவே எஞ்சியிருப்பதால் மற்ற இடம் வெறும் காலி மனைதான் என்ற வாதத்தை ஒரு கணமும் ஒப்புக்கொள்ள முடியாது. யூதர் தர்மத்தில் இடுகாட்டின் புனிதம் கல்லில் இல்லை, மண்ணில் இருக்கிறது. அடக்கம் செய்த உடலைத் தோண்டியெடுத்தல் அவர்களுக்கு விலக்கு. கல் விழுந்தாலும், பெயர் அழிந்தாலும், அந்த ஆறடி நிலம் அங்கே துயில்பவனுக்கே என்றென்றைக்கும் உரியது. இடுகாட்டை 'வாழ்வின் இல்லம்' என்று பொருள்படும் பெயரால் அவர்கள் அழைப்பதும் இதனால்தான். ஆகவே, கற்களைச் சுற்றி மட்டும் வேலி போட்டுவிட்டு மற்றப் பகுதியில் அஸ்திவாரம் தோண்டுவது பாதுகாப்பு ஆகாது. கல்லைப் பெயர்த்துப் பாதுகாக்காமல் தாமே சாகவிட்டு, பின்பு கல் இல்லையே என்று சொல்வது, கடன் பத்திரத்தைக் கிழித்துவிட்டுக் கடனே இல்லை என்று சாதிப்பதை ஒக்கும்.

இவ்விஷயத்தில் நமக்கு ஆறுதல் தருவது ஒன்றே. இந்த அக்கிரமத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் வெளிநாட்டு யூதர்கள் மட்டுமல்லர். மாளா ஊர்க்காரர்களே மரபுப் பாதுகாப்புச் சமிதி என்ற ஸ்தாபனத்தை அமைத்துப் போராடினார்கள். அவ்வூரில் இன்று யூதக் குடியிருப்பே இல்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். தங்கள் மதத்தைச் சேராத, தங்களுக்கு வாக்குச் சீட்டு அளிக்க இயலாத, இறந்துபோன மக்களுக்காக அவர்கள் அதிகாரிகளின் மனஸ்தாபத்தைத் தேடிக்கொண்டார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 2019-இல் தமது 96-ஆவது வயதில் காலஞ்சென்ற ஸாரா கோஹன் அம்மையாரை முதுமைக் காலத்தில் உடனிருந்து கவனித்து வந்தவர் ஒரு முஸ்லிம் அன்பர். கல்கத்தாவில் யூத ஜெப ஆலயங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவர்களும் முஸ்லிம்களே. ஜனங்களிடம் குறையில்லை. குறை, ஜனங்களின் பெயரால் காரியம் நடத்தும் ஸ்தாபனங்களிடம்தான்.

அந்த ஸ்தாபனங்கள் மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு மொராக்கோ தேசம் உதாரணமாக விளங்குகிறது. அது முஸ்லிம் தேசம். 1948-இல் அங்கே சுமார் இரண்டரை லட்சம் யூதர்கள் இருந்தார்கள். இன்று சில ஆயிரம் பேரே எஞ்சியுள்ளனர். மலைக் கிராமங்களிலும் பாலைவன ஓரங்களிலும் அவர்களுடைய இடுகாடுகள் அநாதையாகக் கிடந்தன. மன்னர் ஆறாம் முகம்மதுவின் ஆதரவில் 2010-இல் தொடங்கிய திட்டத்தின்படி 160-க்கு மேற்பட்ட இடுகாடுகள் செப்பனிடப்பட்டன. மதிலும் வாயிற்கதவும் பெற்றன. மர்ராகேஷ் நகருக்கு அருகே அக்ரீஷ் என்ற இடத்தில் நடந்தது இன்னும் சுவையானது. யூத சமூகத்தார் இடுகாட்டை அடுத்திருந்த தங்கள் காலி நிலத்தைக் கொடுத்தார்கள். ஹை அட்லஸ் நிறுவனம் அதில் பழமரக் கன்றுகளை வளர்த்தது. கன்றுகள் சுற்றுப்புற முஸ்லிம் குடியானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கல்லறை கிடந்த மண்ணில் மண்வெட்டி படவில்லை, குடியானவனுக்கும் லாபம். ஊருக்குப் பயனும் வேண்டும், இறந்தோர்க்கு மரியாதையும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது என்பதற்கு இது போதும்.

பாலஸ்தீன மக்கள் இன்னலுறும் காலத்தில் யூதர் கல்லறையைப் பற்றிப் பேசுவானேன் என்று நம் வாசகர்களிலே சிலர் கேட்கக்கூடும். இஸ்ரேல் சர்க்காரின் செய்கைகளைக் கண்டிப்பது ஒன்று. அதற்காக மாளாவில் கண்ணை மூடிய மிளகு வியாபாரியின் எலும்பைப் பழிவாங்குவது வேறொன்று. சேந்தமங்கலத்து ஸாராவுக்கும் இன்றைய யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? அவள் நம் மண்ணின் பிரஜை. அரசியல் கோபத்தை இடுகாட்டுக்குள் கொண்டு போகிறவன், நாளை தன் எதிரி தன் தகப்பனாரின் சமாதிக்கு வரும்போது எந்த முகத்தோடு தடுப்பான்?

கேரளத்துக்கு உபதேசம் செய்யும் நாம் சென்னையை மறந்துவிடுவது தகாது. ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு என்ற பெயருக்குக் காரணமாயிருந்தவர்கள் பவழமும் வைரமும் வியாபாரம் செய்த போர்த்துகீசிய யூதர்கள். 1688-இல் சென்னை நகரசபை ஏற்பட்டபோது, ஏகாம்பரேசுவரர் கோவிலைக் கட்டிய ஆலங்காத்தா பிள்ளையோடு யூத வணிகர்களும் அதே சபையில் அங்கத்தினராக அமர்ந்தார்கள். அவ்வணிகர்களின் இடுகாடு தங்கசாலைத் தெருவில் இருந்தது. அந்தக் கற்கள் அங்கிருந்து காசிமேட்டுக்கும், 1983-இல் காசிமேட்டிலிருந்து லாயிட்ஸ் சாலைக்கும் பெயர்க்கப்பட்டன. உயிரோடிருந்தபோது கடல் கடந்து அலைந்தவர்களை மாண்ட பின்பும் நகருக்குள் அலையவிட்டது நம் சென்னைதான். லாயிட்ஸ் சாலைக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர் மாறியது. அந்த மூலையில் ஒரு யூதர் இடுகாடு இருப்பது சென்னைவாசிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

செய்ய வேண்டியவை பிரமாதமான காரியங்கள் அல்ல. மாளா இடுகாட்டின் பழைய எல்லை முழுவதையும் 1955-ஆம் வருஷத்து உடன்படிக்கையை வைத்துச் சர்வே செய்து கல் நாட்ட வேண்டும். அந்த எல்லைக்குள் எந்தப் பொதுக் காரியத்தின் பெயராலும் இனித் தோண்டலாகாதென்று உத்தரவு பிறப்பிக்க வேண்டும். மைதானத்துக்கு வேறு நிலம் பார்ப்பது சர்க்காரின் பொறுப்பு. புதரை வெட்டுவதானாலும் மதில் எழுப்புவதானாலும், யூதர் வழக்கமறிந்தவர்களைக் கேட்டே செய்ய வேண்டும். நல்ல எண்ணத்தோடு சிமெண்டு பூசிக் கல்லெழுத்தை அழித்த கதைகளை நம் கோவில் திருப்பணிகளிலேயே போதுமான அளவு பார்த்திருக்கிறோம். மேற்பார்வைக்கு ஒரு குழு வேண்டும். அதில் அவ்வூர்க் கோவில், மசூதி, மாதாகோவில் மூன்றின் பிரதிநிதிகளோடு, ஏற்கெனவே போராடி வந்த சமிதியாரும் இடம் பெறுதல் அவசியம். சென்னை நகரசபையும் லாயிட்ஸ் சாலை இடுகாட்டின் கற்கள் ஒவ்வொன்றையும் படியெடுத்து, அவை இருக்கும் இடத்தை விட்டு மூன்றாம் முறையாக நகரா என்று எழுத்து மூலம் உறுதி கூறட்டும். மாளாப் பஞ்சாயத்து 1955-இல் ஒப்பமிட்ட பத்திரம் இன்றும் ரத்தாகவில்லை.