வழிகாட்டுவார் யார்?

தோட்டக்காணி உறுதியைக் கையிலேந்தி அண்மையில் நம்மிடம் வந்தார் ஒரு விவசாயி. ஆறு பரப்புக் காணியை ஈடு வைக்க வேண்டுமாம். மகன் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியற் பிரிவில் இருமுறை தோற்றியும் எண்ணிய பெறுபேறு எய்தவில்லை. மூன்றாம் முறைக்குத் தனியார் வகுப்புக்குப் பணம் தேவை. "பிள்ளைக்கு எதில் விருப்பம்?" என்று வினவினோம். தந்தையார் திகைத்தார். "அதை அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை, ஐயா" என்றார்.

1970களில் வந்த தரப்படுத்தல் நம் மாணவருக்கு இழைத்த அநீதியை நாம் மறந்தோமல்லோம். அதற்கு அரசாங்கமே பதில் சொல்லக் கடமைப்பட்டது. ஆயின், நம் அயலிலே வளரும் பிள்ளைக்கு வழி சொல்லாது விட்டதற்கு யார் பதில் சொல்வது?

இன்றைய நடைமுறையை நோக்குமின். சாதாரண தரம் முடித்த பதினாறு வயதுப் பிள்ளை பாடப்பிரிவைத் தெரிகின்றது. அத்தெரிவே பின்னர் பல கதவுகளைத் திறக்கின்றது, பலவற்றை அடைக்கின்றது. பெரும்பாலான பல்கலைக்கழகத் துறைகளுக்கு 40 சதவீதத்தினர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதத்தினர் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதத்தினர் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் தெரிவாகின்றனர். மூன்று தடவைக்கு மேற்பட்டுத் தோற்றிப் பெற்ற பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கு உதவாது. விண்ணப்பத்திலே துறைகளை விருப்ப வரிசைப்படி எழுதல் வேண்டும். வரிசை பிழைத்தால், தகுதியிருந்தும் விரும்பிய இடம் கைநழுவும். இவற்றையெல்லாம் விளக்கும் கைநூல் தமிழிலும் வெளிவருகின்றது. எனினும், சட்டம் அச்சிலிருந்தாலும் பொருள் சொல்ல ஆள் வேண்டியிருக்கின்றதே! எமது தொழில் நிலைத்திருப்பதும் அதனாற்றான்.

வைத்தியம், பொறியியல் என்னும் இரண்டுக்கப்பால் நம்மவர் கண் செல்வது அரிது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் இருக்கின்றது. விவசாயியோ தன் மகன் அங்கு செல்வதைத் தோல்வியென எண்ணுகின்றார். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பெற்றது. தேசிய தொழிற்றகைமையின் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. இவற்றை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்?

வைத்தியர்களே, நில அளவையாளர்களே, கணக்காளர்களே, ஆசிரியர்களே! பரிசளிப்பு விழாவில் அரைமணி நேரம் பேசிவிட்டு மாலையுடன் வீடு திரும்புவது வழிகாட்டலாகாது. ஊர் வாசிகசாலையில் ஓர் இளைஞனையோ யுவதியையோ பொறுப்பேற்று, பாடத்தெரிவு முதற்கொண்டு தொழிலில் அமரும்வரை மாதமொருமுறையேனும் சந்தியுங்கள். முதலிற் கேளுங்கள், கட்சிக்காரரின் கதையை முழுதுங் கேளாமல் வழக்குரை வரைபவன் நல்ல வழக்கறிஞனல்லன். உங்கள் நிறைவேறாத ஆசையை அப்பிள்ளையின் தலையிற் சுமத்தாதீர்கள். விவசாயிகளும் ஒதுங்கி நிற்க வேண்டா. சந்தை விலையும் கடன் சுமையும் கண்டறிந்த ஒருவரின் சொல், நிலத்தில் இறங்க விரும்பும் இளைஞனுக்கு எந்தப் பட்டதாரியின் சொல்லிலும் பயன்படும். நாம் விலகி நின்றால் அவ்விடத்தை நிரப்புவோர் தரகுப் பணம் பெற்று வெளிநாட்டுப் படிப்பு விற்கும் முகவர்களே. அவர்கள் எழுதிய ஒப்பந்தங்கள் சிலவற்றை நாம் வாசித்திருக்கின்றோம். பெற்றோர் ஒப்பமிடுமுன் எவரிடமேனும் காட்டியிருக்கலாம்.

அவ்விவசாயியின் உறுதி இன்னும் ஈடு வைக்கப்படவில்லை. மகனைத் தனியே அழைத்துப் பேசினோம். அயலாரின் நீரிறைக்கும் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவதில் அவன் கைதேர்ந்தவனாம். நண்பரான பொறியியலாளர் ஒருவர் ஞாயிறுதோறும் அவனைச் சந்திக்க இசைந்துள்ளார். மூன்றாம் முறை தோற்றுவதா, தொழிற்கல்விக்குச் செல்வதா என்பதை அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.