செல்லாத பத்திரம், திரும்பாத நிலம்

எங்க தாத்தா கைநாட்டு வச்ச பத்திரம் செல்லாது. நான் சொல்லல, சட்டம் சொல்லுது. பஞ்சமி நிலத்த எங்க தலித் சனத்தத் தவிர வேற யாருக்கு வித்தாலும் அது கிரயமே இல்ல. அந்தச் செல்லாத காகிதத்த வச்சுக்கிட்டு ஒரு குடும்பம் மூணு தலைமுறையா எங்க மண்ணுல விளைய வச்சுத் தின்னுச்சு. இப்ப கல்லு நட்டு மனை போட்டு விக்குது. அவங்களுக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல.

அது யாரும் போட்ட பிச்சை இல்ல. 1891-ல செங்கல்பட்டுல கலெக்டரா இருந்த டிரமென்ஹீர், எங்க பாட்டன் பூட்டனுக்குக் குடிசை நிக்கிற மண்ணு கூடச் சொந்தமில்லன்னு அரசாங்கத்துக்கு எழுதினார். 1892-ல எங்க சனத்துக்கு நிலம் ஒதுக்கச் சொல்லி ஆணை வந்துச்சு. அதுதான் பஞ்சமி நிலம். மாகாணம் பூரா 12 லட்சம் ஏக்கர்னு சொல்றாங்க. இந்த ஜில்லாவுல பொறந்த சட்டம்யா அது! இங்கயே அதுக்கு மதிப்பில்லன்னா வேற எங்க போய்க் கேக்குறது?

தாத்தா வாங்கினது கல்யாணக் கடன். அடமானம்னு நெனச்சு வச்ச கைநாட்டு, கிரயமாப் போச்சு. அப்புறம் அதே கழனியில எங்க ஆயா கூலிக்கு நாத்து நட்டுச்சு. தன் நிலத்துலயே கூலி! கூலி நெல்ல முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, "ஆண்டவன் பாத்துக்குவான்"னு சொல்லிக்கிட்டே வரும். பாத்தானா?

1994-ல மாமல்லபுரம் பக்கம் காரணையில பஞ்சமி நிலத்த மீக்கணும்னு சனம் எழுந்துச்சு. அக்டோபர் 10, திங்கக்கிழமை, செங்கல்பட்டுல போலீஸ் சுட்டுச்சு. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தாங்க. சட்டத்த மீறி நிலத்த வளைச்சவன் வீட்டுக் கதவ யாரும் தட்டல. சட்டப்படி குடுங்கன்னு கேட்டவனுக்குக் குண்டு. அப்ப தண்டனை தப்புக்கா, ஆளுக்கா?

மாடு மணி அடிச்சதுக்கு மகனையே தேர்க்கால்ல போட்ட ராஜாவுக்கு ஹைகோர்ட்டுல சிலை நிக்குது. நாங்களும் திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை மனு குடுக்குறோம். "பட்டா வேற பேர்ல இருக்கு." "நிலப் பதிவேட்டத் திருத்தின யு.டி.ஆர்.லயே மாறிடுச்சு." "சிவில் கோர்ட்டுக்குப் போங்க." எதை வித்துப் போறது? விக்க இருந்ததத்தான் புடுங்கிட்டீங்களே!

நியாயம்னு தனியா ஒண்ணும் கெடையாது, செஞ்சதுக்குப் பலன், ஊர் கட்டுப்பாடு, அவ்வளவுதான்னு படிச்சவங்க பேசுறாங்க. சரி, அதையே வச்சுக்குவோம். எங்க நிலத்த எடுத்தவனுக்கு என்ன பலன் வந்துச்சு? மாடி வீடு வந்துச்சு. ஊர் கட்டுப்பாடு என்ன செஞ்சுது? கோயில் திருவிழாவுல அவனுக்குத்தான் முதல் மரியாதை. எல்லாம் ஒழுங்காத்தான் நடக்குது, எங்களைத் தவிர!

ஈ.சி.ஆர். பக்கம் மனை பாக்க வர்ற அண்ணே, அக்கா, உங்களத்தான் கேக்குறேன். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாக்குறீங்க. சுத்தமா இருக்குன்னு அட்வான்ஸ் குடுக்குறீங்க. அந்த சர்வே நம்பர் பழைய ரெக்கார்டுல யாருக்கு ஒதுக்கினதுன்னு தாலுகா ஆபீசுல என்னைக்காவது கேட்டீங்களா? இல்ல, கேட்டா தெரிஞ்சிடும்னு கேக்காம இருக்கீங்களா?