தந்தையின் உரிமையும் குழந்தையின் நலனும்

தாயன்பைப் போற்றிய நம் முன்னோர், தந்தையைப் பெரிதும் கடமையாலேயே அளந்தனர். மகனைச் சான்றோனாக்குவது தந்தையின் கடன் எனப் புறநானூற்றின் 312-ஆம் பாடலில் பொன்முடியார் வகுத்துரைத்தார். 1840-களில் இச்சாயர்புரத்தில் கல்விப்பணி புரிந்த ஜி.யு. போப், 1886-இல் ஆங்கிலத்தில் தந்த திருக்குறளும், கற்றோர் அவையில் மகனை முன்னிறுத்துவதே தந்தை செய்யும் நன்மை என்கிறது. கடமை உள்ள இடத்தில் அதனை நிறைவேற்றும் உரிமையும் இருத்தல் வேண்டுமன்றோ? மணமுறிவுக்குப்பின் அவ்வுரிமை என்னாகிறது?

ஏட்டளவில் தந்தையின் நிலை வலிமையுடையதே. இஸ்லாமியச் சட்டம் குழந்தையைக் கைவசம் வைத்து வளர்க்கும் உரிமையாகிய ஹிளானத்தையும், காப்பாளர் பொறுப்பாகிய விலாயத்தையும் வேறுவேறாகக் கொள்கிறது. முன்னது இளமைப் பருவத்தில் தாய்க்கு உரியது. பின்னது தந்தைக்கு உரியது. இவ்வேறுபாட்டை 1918-இல் இமாம்பந்தி வழக்கில் பிரிவிக் கவுன்சிலும் உறுதி செய்தது. ஹனஃபி வழியில் மகன் 7 வயது வரையிலும், மகள் பருவமெய்தும் வரையிலும் தாயிடம் வளர்வர். நம் கடற்கரை ஊர்களில் பெருவழக்காயுள்ள ஷாஃபிஈ வழியிலோ, பகுத்தறியும் வயதடைந்த பிள்ளை, தாய் தந்தையருள் ஒருவரைத் தானே தேர்ந்துகொள்ளலாம்.

ஆயினும் நீதிமன்றத்தில் இவ்விதிகள் மட்டுமே முடிவு செய்வதில்லை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு குழந்தையின் நலனை முன்வைக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்களும் அல்லர், விளையாட்டுப் பொம்மைகளும் அல்லர் என்று 1973-இல் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது. முத்தலாக் கூறப்பட்டால் இளஞ்சிறாரை வைத்திருக்கும் உரிமை மனைவிக்கே என 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. எனவே, ‘நானே இயற்கைக் காப்பாளன்’ என்னும் வாதத்தை மட்டும் நம்பி வழக்காடச் செல்லும் தந்தை பெரும்பாலும் வெறுங்கையுடனேயே திரும்புகிறார்.

நம் பகுதியில் இச்சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் வீடு பெண்மக்களுக்கு உரியது. மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்வது தொன்றுதொட்ட வழக்கம். பெண்ணுக்குப் பாதுகாப்பளிக்கும் நல்ல ஏற்பாடு அது. எனினும், மணம் முறிந்தால் வீட்டைவிட்டு வெளியேறுபவர் கணவரே. பிள்ளை அங்கேயே வளர்கிறது. அன்று கொழும்புக்கும் இன்று வளைகுடா நாடுகளுக்கும் பொருள்தேடிச் சென்றவர், விடுமுறையில் ஊர் திரும்பும்போது தம் மகளின் வாசற்படியிலேயே அயலாராய் நிற்க நேர்கிறது. ‘வாப்பா’ என்று அழைத்த நாவு தயங்குகிறது. இவருக்குக் காப்பாளர் என்னும் பட்டத்தால் பயனென்ன? அவர் வேண்டுவது பிள்ளையோடு இருக்கச் சில மணிநேரமே!

சட்டமும் இத்திசையில் நகரத் தொடங்கியுள்ளது. பெற்றோர் பிரிந்தாலும் இருவரோடும் உறவு பேணும் உரிமை குழந்தைக்கு உண்டு என்னும் 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. கூட்டுப் பராமரிப்புக்குச் சட்டத்தில் இடமளிக்குமாறு சட்ட ஆணையத்தின் 257-ஆம் அறிக்கை 2015-இல் பரிந்துரைத்தது. பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தையின் அடிப்படை மனித உரிமை என 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் கூறிய உச்சநீதிமன்றம், தொலைவில் உள்ள பெற்றோர் காணொளி வழியாகப் பேசும் உரிமையையும் வலியுறுத்தியது. கடல்கடந்து உழைக்கும் நம் தந்தையர்க்கு இஃது அரிய வாய்ப்பு.

இவ்விடத்தில் தந்தையர் சிலரின் குறையையும் மறைத்தல் ஆகாது. செலவுத்தொகை தராமல் உரிமை மட்டும் பேசுவோர் உளர். முன்னாள் மனைவியைப் பணியவைக்கவே குழந்தையைக் கேட்போரும் உளர். பிள்ளை தாயிடம் வளர்ந்தாலும் அதன் செலவு தந்தையைச் சார்ந்ததே. அவ்வாறே, செலவுத்தொகை தாமதமானது என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பதும் முறையன்று. பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கும் தீங்கு இழைக்கலாகாது, தந்தைக்கும் தீங்கு இழைக்கலாகாது என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் 2-ஆம் அத்தியாயம் 233-ஆம் வசனம் ஒரே மூச்சில் உணர்த்துவது எத்துணைப் பொருத்தம்!

எனவே ஜமாஅத் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணவிலக்கு ஒப்பந்தத்தில் மஹரும் நகையும் சீரும் வரிவரியாக எழுதப்படுகின்றன. அவற்றோடு, தந்தை பிள்ளையைக் காணும் நாள், பெருநாளில் அழைத்துச் செல்லும் நேரம், தொலைபேசியில் பேசும் நாள், கல்வி பற்றி இருவரும் கலந்து முடிவெடுக்கும் முறை, செலவுத்தொகை ஆகியனவும் தெளிவாக எழுதப்படல் வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் கிடைக்கும் ஒரு மணிநேரச் சந்திப்பைவிட, பாட்டனார் வீட்டுத் திண்ணையில் கழியும் ஒரு மாலைப்பொழுது பிள்ளைக்கு இனியது. அதனை வழங்குவதற்குப் புதுச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கணவன் மனைவி என்னும் உறவு முறியலாம். தந்தை பிள்ளை என்னும் உறவுக்கு முறிவு இல்லை. தந்தையின் உரிமை என்பது ஈற்றில் தந்தையைப் பெறும் பிள்ளையின் உரிமையே. நாளை இல்லறம் ஏற்கவிருக்கும் மாணவச் செல்வங்களும் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.