எலிக்கு ஒரு வாரம் லீவு

போன செமஸ்டர் ஒரு நாள், விஞ்ஞான பீடத்து நண்பன் கென்டீனில் ஆறுதலாக டீ குடித்துக்கொண்டிருந்தான். "ஆய்வுக்கு எலி வந்திருச்சுன்னு சொன்னியே, வேலைய தொடங்கலயா?" என்று கேட்டேன்.

"இல்ல மச்சான். நேத்துதான் வந்துச்சு. ஒரு வாரம் தொடக்கூடாது. பழகட்டும்."

நான் கலைப்பீடம். எலிக்கு ஒரு வாரம் லீவு என்றதும் சிரித்துவிட்டேன். அவன் விளக்கிச் சொன்ன பிறகு சிரிப்பு போய்விட்டது. அந்த ஒரு வாரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆய்வுகூடத்துக்குப் புதுசாக வரும் விலங்குக்கு அந்த நாட்களில் ரெண்டு வேலை நடக்கும். முதலாவது தனிமைப்படுத்தல். கொவிட்டுக்குப் பிறகு இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. வந்த விலங்கு என்ன நோயோடு வந்திருக்கிறது என்று தெரியாது. அதனால் தனி அறை. பராமரிப்பவர் பழைய விலங்குகளைப் பார்த்து முடித்துவிட்டு, புதுசுகளைக் கடைசியாகத்தான் பார்ப்பார். அவர் கையிலும் உடுப்பிலும் நோய் பரவக்கூடாது. ரோமத்தில் உண்ணி இருக்கா, எச்சத்தில் புழு இருக்கா என்று பார்ப்பார்கள். இந்தியாவின் வழிகாட்டல்படி எலி போன்ற சின்ன விலங்குகளுக்கு ஒரு வாரம் முதல் ஒரு மாதம். நாய், குரங்கு என்றால் ஆறு வாரம் வரை.

ரெண்டாவது, பழக விடுதல். பெட்டிக்குள் அடைபட்டு, வாகனத்தில் குலுங்கி, வெயிலையும் சத்தத்தையும் தாங்கி வந்த உயிர் அது. உடம்பில் பதற்றத்துக்கான ஹோர்மோன் ஏறியிருக்கும், எடை குறைஞ்சிருக்கும், தூக்கம் குழம்பியிருக்கும். இதெல்லாம் பழைய நிலைக்கு வர சில நாள் வேணும். புது அறையின் வெளிச்சம், தண்ணி, சாப்பாடு, தூக்கும் கை எல்லாமே பழக வேணும். வாலைப் பிடித்துத் தூக்கினால் எலி மிரளும், உள்ளங்கையில் ஏந்தினால் அவ்வளவு மிரளாது. பழகுவதற்கு முன்னால் பரிசோதனையைத் தொடங்கினால், நீங்க அளப்பது மருந்தின் விளைவா, பயணத்தின் அதிர்ச்சியா என்று யாராலும் சொல்ல முடியாது.

ரெண்டும் ஒரே அறையில், ஒரே வாரத்தில் நடப்பதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். தனிமைப்படுத்தல் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுகிறது. பழக விடுதல் வந்தவரைக் காப்பாற்றுகிறது. முதலாவதைச் செய்ய பயம் இருந்தால் போதும். ரெண்டாவதைச் செய்ய, வந்த உயிரின் முகத்தைக் கொஞ்சம் பார்க்க வேணும்.

நண்பனிடம் கேட்டேன், "உண்மையாவே ஒரு வாரம் விடுவீங்களா?"

"டெட்லைன் நெருங்கினா ரெண்டு நாள்லயே எடுத்துருவாங்க. நோய் இல்லன்னா சரிதானே மச்சான்."

நோய் இல்லன்னா சரிதானே. என் சண்டை முழுக்க இந்த வாக்கியத்தோடுதான்.

2023 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர, சீனாவுக்கு ஒரு இலட்சம் குரங்குகளை அனுப்புவது பற்றி யோசிப்பதாகச் சொன்னார். மிருகக்காட்சிசாலைகளுக்காம். சீனத் தூதரகமோ அப்படி ஒரு கோரிக்கை பற்றித் தங்களுக்குத் தெரியாது என்றது. கேட்டது ஒரு தனியார் நிறுவனம் என்று பிறகு சொன்னார்கள். இவ்வளவு குரங்கும் ஆய்வுகூடங்களுக்குத்தான் போகும் என்று சூழலியலாளர்கள் பயந்தார்கள். அந்த இனம் உலகத்தில் இலங்கையில் மட்டும்தான் இருக்கிறது. விஷயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. ஏற்றுமதி நடக்காது என்று அந்த வருட நடுப்பகுதியில் அரச தரப்பு நீதிமன்றத்துக்குச் சொன்னது.

மொனராகலைக்காரன் என்பதால் மறுபக்கமும் எனக்குத் தெரியும். எங்க மாமாவின் தோட்டத்தில் ஒரு தேங்காய் மிஞ்சுவதில்லை, சோளம் மிஞ்சுவதில்லை. "புடிச்சிட்டுப் போகட்டுமேடா" என்றார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த ரெண்டு மூணு மாதம் நாடே பேசினது பயிர்ச்சேதத்தையும் விலையையும் பற்றி. காட்டில் கூட்டமாக வாழ்ந்த ஒரு இலட்சம் உயிரை எதில் பிடிப்பீங்க, எத்தனை நாள் தனிக் கூண்டில் வைப்பீங்க, வழியில் எத்தனை சாகும் என்று கேட்ட குரல்கள் கொஞ்சம். அமெரிக்காவுக்குள் இறக்குமதியாகும் குரங்குக்கு ஆகக் குறைந்தது 31 நாள் தனிமை. 31 நாள் ஒரு இலட்சம் கூண்டு என்று ஒருதரம் கற்பனை பண்ணிப் பாருங்க.

இந்தக் கதையை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1955-ல் இந்தியாவிலிருந்து போன 394 குரங்குகள் லண்டன் விமான நிலையத்தில் ஒரு வண்டிக்குள் மூச்சுத்திணறிச் செத்தன. 1967-ல் உகண்டாவிலிருந்து ஐரோப்பிய ஆய்வுகூடங்களுக்குப் போன குரங்குகளோடு மார்பர்க் வைரஸ் போனது. 31 பேருக்குத் தொற்றி, 7 பேர் இறந்தார்கள். 1978-ல் இந்தியா குரங்கு ஏற்றுமதியையே நிறுத்தியது. அவசரப்பட்டால் விலங்கும் சாகும், மனுசனும் சாவான்.

நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது? மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம், 1907. வெள்ளைக்காரன் போட்டது. ஆகக் கூடிய தண்டப்பணம் 100 ரூபா. எங்க கென்டீனில் ஒரு சாப்பாட்டுக்கே அது பத்தாது. 2006-ல் சட்ட ஆணைக்குழு விலங்கு நலனுக்கு ஒரு வரைவு தயாரித்தது. அப்போ எனக்கு மூணு வயசு. நான் கெம்பஸ் வந்த பிறகும் அது சட்டமாகவில்லை.

"மலையகத்துப் பிள்ளைக்கு எலியும் குரங்கும்தான் கிடைச்சதா? சம்பளத்தப் பத்தி எழுது, காணியப் பத்தி எழுது" என்று சிலர் சொல்வீங்க. எழுதுவேன். ஆனால் இதுவும் நம்ம கதைதான்.

நம்ம ஆட்கள் எப்படி வந்தார்கள்? இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபத்தில், இந்திய மண்ணில், இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் நடத்தியது. தோட்டத்துக்கு வரும் சனத்தை அங்கே நாட்கணக்கில் அடைத்து வைத்தார்கள். அம்மைக்கு ஊசி, கொக்கிப்புழுவுக்கு மருந்து, பிறகு தனுஷ்கோடியில் கப்பல். 1900-களின் தொடக்கத்தில் தகரத் துண்டு முறை வந்தது. கழுத்தில் ஒரு தகரம், அதில் போகப்போகிற தோட்டத்தின் எண். இன்றைக்கு ஆய்வுகூடக் கூண்டில் தொங்கும் அட்டையைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தகரம்தான் ஞாபகம் வந்தது.

எங்க அப்பாயி, தன் அம்மா சொன்னதாகச் சொல்லுவாங்க: "மண்டபத்துல ஊசி குத்துனாங்க, பூச்சி மருந்து குடுத்தாங்க. இங்க வந்து எறங்குன மறுநாளே பேர் போட்டுட்டாங்க." பேர் போடுவது என்றால் வேலைக்குப் போவது. ஊர் விட்டு, கடல் தாண்டி, தெரியாத குளிருக்கும் மழைக்கும் வந்த சனம். நோய் இருக்கா என்று பார்த்தார்கள். களைப்பு இருக்கா என்று யாரும் பார்க்கவில்லை. தனிமைப்படுத்தல் நடந்தது, பழக விடுதல் நடக்கவில்லை. நோய் இல்லன்னா சரிதானே!

"அப்போ எங்கள எலியோட ஒப்பிடுறியா?" இல்லை. நம்மைக் கூண்டு எண்ணாகப் பார்த்தவர்களின் கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். 2023 ஜூலை, ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள், 200 வருசமாகியும் நாங்க மனுசர் என்று சொல்லத்தான் நடந்தார்கள். அந்தக் கண்ணால் பார்க்கப்பட்டவர்கள் நாம். அதே கண்ணை இன்னொரு உயிர் மேல் நாமே வைக்கக்கூடாது.

நான் கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. விலங்கை வைத்துச் செய்யும் எந்த ஆய்வறிக்கையும், வந்த விலங்கைப் பரிசோதனைக்கு முன் எத்தனை நாள் பழக விட்டோம் என்று எழுத வேணும். எழுதாததை நெறிமுறைக் குழு திருப்பி அனுப்ப வேணும். 1907 சட்டம் போய், ஆய்வுகூடத்தையும் உள்ளடக்கிய புதுச் சட்டம் வர வேணும். காட்டு விலங்கைப் பிடித்து விற்கும் யோசனை இன்னொரு அமைச்சர் வாயில் வந்தால் முதல் நாளே கேள்வி கேட்க வேணும்.

விஞ்ஞான பீடத்தில் உங்க நண்பர் யாராவது இருந்தால், அடுத்த தடவை டீ குடிக்கும்போது கேளுங்க: "எலி வந்து எத்தன நாளாச்சு?" நான் கேட்டுவிட்டேன். அந்தத் தடவை அவன் ஏழாம் நாள் வரை பொறுத்தான். டெட்லைனுக்கு நாலு நாள் பிந்தினதாம். பேச்சும் வாங்கினானாம்.