கையும் காலும் மனமும்

“சாமி, மனமே சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வருவோர் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றனர். கடன், நோய், பிள்ளைகளின் போக்கு எனக் காரணம் கூறுவோர் சிலர். காரணம் இன்னதென்று கூறத் தெரியாமல் கண் கலங்குவோர் பலர். செபத்தைப் பற்றி நாம் பேசுவோம் என்று எதிர்பார்த்தே அவர்கள் வருகின்றனர். பேசவும் செய்கிறோம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பது நம் வழக்கம்: “ஒருவரும் ஏவாமல், உங்களுக்கே பிடித்த ஒன்றைக் கையால் செய்து எத்தனை நாளாயிற்று?” பெரும்பாலோர் விழிக்கின்றனர். பெருந்துன்பத்தோடு வந்தவரிடம் பூச்செடியைப் பற்றியும் பூப்பந்தைப் பற்றியும் விசாரிக்கிறாரே என்று மனத்துக்குள் வருந்துவோரும் உண்டு.

விளையாட்டாகக் கேட்கும் கேள்வியன்று அது. 1915ஆம் ஆண்டு மே மாதத்தில் வின்ஸ்டன் சர்ச்சில் இங்கிலாந்தின் கடற்படை அமைச்சர் பதவியை இழந்தார். தார்தனெல்ஸ் நீரிணையில் எடுத்த போர் முயற்சி பிசகியதன் பழி அவர்மீது விழுந்தது. அப்போது அவருக்கு வயது 40. இரவு பகலாக அலுவலில் மூழ்கியிருந்தவருக்குத் திடீரென்று செய்வதற்கு ஏதுமில்லை. அந்தக் கோடையில் சர்ரே மாவட்டத்துப் பண்ணை வீடொன்றில் அவர் தங்கியிருந்தபோது, தம்பி மனைவி நீர்வண்ணத்தில் படம் தீட்டுவதைக் கண்டு, பிள்ளைகளின் வண்ணப் பெட்டியை எடுத்துத் தாமும் முயன்று பார்த்தார். பின்னர் எண்ணெய் வண்ணங்களை வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளைத் துணியின்முன் அஞ்சி அஞ்சிச் சிறு பொட்டு ஒன்றை வைத்தாராம். அவ்வேளை அங்கு வந்த ஓவியர் ஒருவரின் மனைவி, பெரிய தூரிகையைப் பிடுங்கி அத்துணியின்மேல் ஓங்கி இழுத்துக் காட்டினார். அத்தோடு அச்சம் பறந்தது. அவர் வாழ்நாளில் தீட்டிய படங்கள் 500க்கும் மேல். நம் நாட்டின்பால் அம்மனிதர் கொண்டிருந்த எண்ணங்கள் நமக்கு உவப்பானவை அல்ல. அது வேறு வழக்கு.

தம் அனுபவத்தைக் குறித்துச் சில ஆண்டுகளுக்குப் பின் அவர் ஒரு கட்டுரை எழுதினார். களைத்த மனத்தைச் சும்மா கிடத்திவைப்பதால் அது இளைப்பாறுவதில்லை; மனத்தின் வேறொரு பகுதிக்கு வேலை கொடுத்தால்தான் களைத்த பகுதிக்கு ஓய்வு கிட்டும் என்பது அதன் சாரம். மாடு அசைபோட்டால் தீனி செரிக்கிறது. மனிதர் கவலையை அசைபோட்டால் செரிப்பதில்லை, வளரவே செய்கிறது. கை ஒரு வேலையில் ஊன்றியிருக்கும்போது, ஊசியில் நூலைக் கோக்க வேண்டியிருக்கும்போது, பந்து எங்கே விழும் என்று கண் பார்த்திருக்கும்போது, அசைபோட இடமில்லாமற் போகிறது. குருமடத்தில் மாலை ஐந்து மணி அடித்தால் தத்துவ நூல்களை மூடிவிட்டுக் கைப்பந்துக்கோ தோட்டத்துக்கோ போயே ஆகவேண்டும். வீண் கட்டாயம் என்று அந்நாளில் முணுமுணுத்தோம். அந்தக் கால அட்டவணையை வகுத்தவர்கள் விவரமறிந்தவர்கள்.

மருத்துவர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு நோயுற்ற 156 பேர் பங்கேற்றனர். அனைவரும் 50 வயதைக் கடந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு மருந்து, ஒரு பிரிவினருக்கு வாரம் மும்முறை உடற்பயிற்சி, மற்றொரு பிரிவினருக்கு இரண்டும். பயிற்சி என்பது பெரும்பாலும் வேக நடையும் மெல்லோட்டமுமே. 16 வாரங்கள் கழிந்தபின் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர். எனினும் தொடக்கத்தில் மருந்து உண்டவர்களே விரைவாகத் தேறினர் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆகவே இதைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டா. மனச்சோர்வு ஒரு நோய். விசுவாசக் குறைவு அன்று. உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், சாவைப் பற்றிய எண்ணம் தலைகாட்டினால், காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். 2022 முதல் மைய அரசு நடத்திவரும் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

“மனம் வந்தால் நடப்பேன், சாமி” என்பது நாம் அடிக்கடி கேட்கும் விடை. இங்குதான் முடிச்சு இருக்கிறது. சோர்ந்த மனம் தானாக வராது. கால்தான் முந்திக்கொள்ள வேண்டும். மனைவியை இழந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் எட்டு மாதங்களாகச் சாய்வு நாற்காலியை விட்டு எழவில்லை. மனம் வருமட்டும் காத்திராமல், கல்லறைத் தோட்டம்வரை நடந்து, அம்மையாரின் கல்லறை அருகே வாடிக்கிடந்த அரளிக்கு ஒரு குடம் நீர் ஊற்றிவிட்டு வாருங்கள் என்றோம். வேண்டாவெறுப்பாகவே போனார். ஒரு செடிக்கு ஊற்றியவர் பக்கத்துச் செடிக்கும் ஊற்றினார். இன்று அங்கே இரண்டு வரிசைச் செடிகள் அவர் பொறுப்பில் உள்ளன. இப்போதும் அவர் அழுவதுண்டு. ஆனால் இரவில் உறங்குகிறார்; மருமகள் போடும் சோற்றை மீதம் வைக்காமல் உண்கிறார்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடும் பள்ளிகளையும், அதற்குக் கைதட்டும் பெற்றோரையும் பற்றித் தனியே எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடல் அசைவு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியிருப்பதை மட்டும் இங்கே குறிக்கிறோம். கைபேசித் திரையை விரலால் தள்ளுவது அசைவில் சேராது.

இல்லத்தரசியரின் நிலை வேறு. “விடிந்தது முதல் கை ஓயவில்லை, எனக்கெதற்கு நடையும் விளையாட்டும்?” என்று அவர்கள் கேட்பது நியாயமே. வீட்டு வேலையும் உடலுழைப்புத்தான். எனினும் ஏவலுக்கும் கடமைக்கும் செய்யும் வேலை ஒன்று. தன் விருப்பத்துக்குச் செய்வது மற்றொன்று. சமைக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பாதி பின்னிய கூடையை மூலையில் வைத்துவிட்டால் எவரும் கேட்கமாட்டார்கள். எவரும் கேளாத அந்த வேலையில்தான் மனம் தன் விருப்பப்படி உலவுகிறது. மணமாகுமுன் பாடற்குழுவில் பாடியவர், பூத்தையல் போட்டவர், பள்ளியில் கபடி ஆடியவர் எத்தனையோ தாய்மார் நம் பங்கிலேயே உள்ளனர். அந்தப் பாட்டும் தையலும் எங்கே போயின என்று கணவன்மாரைக் கேட்டால், “அவளுக்கு நேரமில்லை, சாமி” என்கின்றனர். நேரம் இல்லையா, கொடுக்கப்படவில்லையா?

வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் மாலை ஐந்து முதல் ஆறரை மணிவரை ஆலய வளாகத்துப் பூப்பந்துத் திடல் தாய்மார்களுக்கே உரியது. மட்டையும் பந்தும் பங்கு இல்லத்தில் கிடைக்கும். ஆட விரும்பாதவர்கள் கூடை பின்னும் வயரையோ தையலையோ எடுத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் அமரலாம். அன்றைய இரவுச் சோற்றை வடிப்பது யார் என்பதைக் குடும்பத்தில் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.