குடியோட்டிப் பூண்டு

சென்ற வாரம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்குப் போக நேர்ந்தது. தொழிற்சாலைகளின் நீண்ட மதிற்சுவர் முடிந்து, கட்டடம் எழும்பாத மனை தொடங்குமிடத்திலெல்லாம் ஒரு முட்செடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பிரமதண்டு என்று பெயர். பிரம்மதேவனின் கைத்தடியாகவே இருக்கட்டும். பூர்வீகம் என்னவோ மெக்ஸிகோ!

நம் வீட்டுக் கசகசாவுக்கு இது உறவு. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை பூண்டுகளே. மத்திய அமெரிக்காவிலுள்ள பொக்கோனியாவோ சிறு மரமாகவே வளர்ந்து நிற்கிறது. அதன் பூவுக்கு இதழே கிடையாது. ஆனால் கிளையை ஒடித்தால் வடியும் செம்மஞ்சள் பாலில், பிரமதண்டிலுள்ள அதே ஸாங்குயினரின் என்னும் நஞ்சு இருக்கிறது. மரமானாலும் குலகுணம் போகவில்லை.

பிரமதண்டுக்குக் குடியோட்டிப் பூண்டு என்றும் பெயருண்டு. குடியிருப்போரை ஓட்டிவிடும் பூண்டு என்பது பொருள். பாழ்மனையில் முளைப்பதைக் கண்டு, பழியைச் செடியின் தலையில் போட்டார்கள் போலும். ஒரகடத்தில் நடந்த வரிசை வேறு. முதலில் நிலம் கைமாறிற்று, ஏர் நின்றது, பிறகுதான் பூண்டு வந்தது. கிளறிவிட்டு விதைக்காமல் போட்ட மண்தான் இதற்கு வெல்லம்.

இதெல்லாம் தாவர சாஸ்திரிகள் பாடு என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதன் விதை பார்வைக்குக் கடுகு போலவே இருக்கும். 1998-ஆம் வருஷம், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹுண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கிய அதே வருஷம், டில்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெய் விற்பனையாயிற்று. கால் வீங்கி, மூச்சுத் திணறி, அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் வரும் இந்த வீக்கநோய் 1877-லேயே கல்கத்தாவில் காணப்பட்டது. பிரமதண்டு எண்ணெயே காரணம் என்று ஸர்க்கார் என்பவர் எடுத்துக்காட்டியது 1926-ல். குற்றவாளி அகப்பட ஏறக்குறைய அரை நூற்றாண்டு!

நாம் கடுகெண்ணெயில் சமைப்பவர்கள் அல்ல என்பது வாஸ்தவம். ஆனால் கடுகு தாளிக்காத வீடு நம்மில் உண்டா? கடையிலிருந்து வந்ததும் ஒரு சிட்டிகையை வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பாருங்கள். நல்ல கடுகு மழமழவென்றிருக்கும். நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதை சொரசொரப்பாய், அதிகக் கறுப்பாயிருக்கும், உள்ளே வெளுப்பு. பொறுக்கியெடுத்ததைக் கொல்லையில் மட்டும் வீசிவிடாதீர்கள். அடுத்த வருஷம் அங்கேயே பூத்து நிற்கும்.