தள்ளாடுவோரெல்லாம் குடித்தவரல்லர்

சென்ற கோடை விடுமுறைக்குத் தில்லியிலிருந்து விருதுநகர் போயிருந்தேன். ஒருநாள் இரவு எங்கள் தெருவில் மின்சாரம் நின்றுவிட்டது. கடைக்குச் சென்று திரும்பிய என் தந்தையார் இருட்டில் தள்ளாடித் தள்ளாடி வந்து, சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார். "பெரியவரும் தொடங்கிவிட்டார் போலிருக்கிறதே!" என்று எதிர்த்திண்ணையில் ஒருவர் சிரித்தார். மதுவைத் தொட்டறியாதவர் என் தந்தையார். ஆயினும் உண்மையை ஒளிப்பானேன்? ஒரு கணம் நானும் ஐயுற்றேன். அன்று முதல் அவர் மாலையில் வெளியே செல்வதையே விட்டுவிட்டார்.

அவருக்குப் பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவு. கண்ணைச் சோதித்தோம், சிறுநீரகத்தைச் சோதித்தோம். காதை நினைத்தவர் எவருமிலர்.

காது கேட்பதற்கு மட்டுமா? உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றினுள் இருக்கும் நீர் அசைந்து அதனை உணர்த்துகிறது. அருகே இரண்டு சிறு பைகள். அவற்றிலுள்ள சுண்ணாம்பு மணிகள் தலை சாய்வதை அறிவிக்கின்றன. இந்த நுண்கருவிக்குக் குருதி கொணர்வது மெல்லிய தமனி ஒன்றே; அடைபட்டால் மாற்றுவழி இல்லை. சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் நுண்ணிய குருதிக்குழாய்களும் நரம்புகளும் பழுதுறக்கூடும் என்பது நாமறிந்ததே. உட்செவி மட்டும் அதற்கு விலக்காகுமா?

மனிதன் நிலையாக நிற்பது கண், பாதத்தின் உணர்ச்சி, உட்செவி ஆகிய மூன்றன் துணையால். ஒன்று தளர்ந்தால் மற்றவை தாங்கும். நீரிழிவோ மூன்றையும் தாக்கவல்லது.

அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை, நாற்பது வயதும் அதற்கு மேலுமான ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கண்ணை மூடி, மெத்தென்ற தளத்தின் மேல் நிற்கச் செய்து சோதித்தனர். 2009-இல் முடிவு வெளிவந்தது. நூற்றுக்கு 35 பேருக்குச் சமநிலைக் குறை இருந்தது. நீரிழிவுடையோரிடம் அதற்கான வாய்ப்பு விகிதம் 1.7 மடங்கு. எண்ணிப் பார்த்தேன். மின்சாரம் நின்ற அந்த இரவு, அதே சோதனையைத்தான் என் தந்தையாருக்குச் செய்திருக்கிறது!

பின்னர் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பாதத்தில் உணர்ச்சியும் உட்செவியின் திறனும் குன்றியுள்ளன என்றார். சமநிலைப் பயிற்சிகள் கற்பித்தார். இன்று அப்பா கையில் டார்ச் விளக்குடன் மீண்டும் கடைவீதிக்குப் போகிறார்.

"தலைசுற்றல் என்றால் சர்க்கரை குறைந்திருக்கும், ஒரு மிட்டாய் போதும்" என்பர் சிலர். குறைந்திருக்கலாம், அதை முதலில் சோதிப்பதும் முறையே. ஆனால் எல்லாத் தள்ளாட்டத்துக்கும் மிட்டாய் மருந்தாகாது. திடீரெனத் தலைசுற்றிப் பேச்சுக் குழறினாலோ ஒருபக்கக் கைகால் தளர்ந்தாலோ நொடியும் தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டென 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. கண்ணையும் காலையும் சோதிப்பதுபோல் சமநிலையையும் ஆண்டுதோறும் சோதிப்பதை வழக்கமாக்க வேண்டும் என்பதே என் கருத்து. தொடக்கச் சோதனைக்குப் பெரும்பொருள் தேவையில்லை. அருகில் தாங்கிக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும்.

நண்பர்களே! ஊரைவிட்டு நெடுந்தொலைவில் இருக்கிறோம். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது, "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "இருட்டில் நடக்கையில் கால் தடுமாறுகிறதா?" என்றும் கேளுங்கள். தாமாகச் சொல்லமாட்டார்கள். என் தந்தையாரை வீட்டுக்குள் அடைத்தது நோயன்று. ஒரு சிரிப்பும், மகனின் ஒரு கண ஐயமுமே.